பைக் டாலி: கராஜுக்குள் வண்டியை நகர்த்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கராஜின் மூலையில் டாலி மேல் நிற்கும் வண்டியைப் பார்ப்பவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் பதில் சொல்லும்போது ஏதாவது ஒன்று விடுபட்டுப் போகிறது. விடுபடுவது பெரும்பாலும் பாதுகாப்பு பற்றிய விஷயமாக இருப்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன.

டாலி என்றால் என்ன? அது ஜாக்கியா, ஸ்டாண்டா?

இரண்டும் இல்லை. ஜாக்கி வண்டியைத் தூக்கும், ஸ்டாண்டு நிறுத்தி வைக்கும். டாலி என்பது அடியில் காஸ்டர் சக்கரங்கள் பொருத்திய தாழ்வான சட்டம் அல்லது தட்டு. அலுவலக நாற்காலிக்கும் மருத்துவமனைக் கட்டிலுக்கும் கீழே, எந்தத் திசைக்கும் தானே திரும்பிக்கொள்ளும் சக்கரம் இருக்கிறதே, அதுதான் காஸ்டர். வண்டியை டாலி மேல் ஏற்றிவிட்டால் முன்னும் பின்னும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் நகர்த்தலாம். நின்ற இடத்திலேயே சுற்றித் திருப்பலாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் பாதிப் பதில்கள் இதிலிருந்து பிறப்பவை. டாலி வண்டியின் எடையை வாங்கிக்கொள்ளும், ஆனால் வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளாது. அந்த வேலையைச் சைடு ஸ்டாண்டோ சென்டர் ஸ்டாண்டோ உங்கள் கையோதான் செய்ய வேண்டும்.

வண்டிக்கே இரண்டு சக்கரம் இருக்கிறது. உருட்டிக்கொண்டு போனால் போதாதா?

இடம் இருந்தால் போதும். டாலி இடம் இல்லாதவர்களுக்கான பொருள். ஒரு சாதாரண மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே சுமார் 1.4 மீட்டர் தூரம். ஹேண்டில்பார் ஒரு பக்கம் 35 முதல் 40 டிகிரி வரைதான் திரும்பும். இந்தக் கணக்கில் வண்டியை நிமிர்த்திப் பிடித்து ஒரு முழு வட்டம் உருட்ட ஏறக்குறைய 4.5 மீட்டர் அகலம் வேண்டும். 3 மீட்டர் அகலமுள்ள கராஜில் முன்னே பின்னே என்று எட்டு பத்து முறை உருட்டினால்தான் வண்டி திரும்பும். ஒவ்வொரு முறையும் வண்டி உங்கள் கையில் சமநிலை தவற ஒரு வாய்ப்பு கிடைக்கிறது.

டாலி மேல் அதே வண்டி தன் நீள அளவுக்கே சுற்றும். 2.1 மீட்டர் நீளமுள்ள வண்டிக்கு 2.1 மீட்டர் வட்டம், அதோடு நீங்கள் நடக்க ஒரு ஆள் அகலம். சுவரை ஒட்டி இணையாக நிறுத்துவது டாலி இல்லாமல் ஏறக்குறைய நடக்காத காரியம்.

எத்தனை வகை இருக்கிறது? என் வண்டிக்கு எது?

நான் பார்த்துப் பழகியவை நான்கு. முதலாவது நீளத் தட வகை. வாய்க்கால் போன்ற ஒரு நீண்ட இரும்புத் தடத்துக்குள் இரண்டு டயர்களும் நிற்கும். இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டில் சைடு ஸ்டாண்டு ஊன்றும். சைடு ஸ்டாண்டு மட்டுமே உள்ள வண்டிகளுக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். முழு வண்டியும் ஒரே சட்டத்தின் மேல் இருப்பதால் எந்தத் திசையிலும் நகரும். வாங்கும் முன் பின் டயரின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 150 மி.மீ. தடத்தில் 130 மி.மீ. டயர் வசதியாக நிற்கும், 180 மி.மீ. டயர் உள்ளேயே போகாது.

இரண்டாவது, சென்டர் ஸ்டாண்டு ஊன்றுவதற்கான சிறிய தட்டு. மலிவானது, மடக்கி வைக்க இடமும் தேவையில்லை. ஆனால் சக்கரம் வைத்த தட்டின் மேல் வண்டியை இழுத்து சென்டர் ஸ்டாண்டு போடுவது பழக்கம் கேட்கும் வேலை. அந்த நேரத்தில் நான்கு காஸ்டர்களும் பூட்டியிருக்க வேண்டும், தட்டின் பின்னால் சுவரோ கட்டையோ இருக்க வேண்டும். மூன்றாவது, காஸ்டர் வைத்த பேடாக் ஸ்டாண்டு. பின் சக்கரத்தை ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கையில்) பிடித்துத் தூக்கிவிடும், முன் சக்கரம் தரையிலேயே உருளும். செயின் வேலையும் அடிக்கடி செய்பவர்களுக்கு இது இரட்டைப் பயன்.

நான்காவது, பின் சக்கரத்தை மட்டும் ஏந்தும் சிறிய டாலி. பின் டயர் பஞ்சராகித் தட்டையாகக் கிடக்கும்போதும், பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் சுற்றாதபோதும் உதவும். வண்டியை நிமிர்த்திப் பிடிக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது என்பதால் இதை ஒருவர் தனியாகப் பயன்படுத்தக் கூடாது.

என் வண்டி 195 கிலோ. 200 கிலோ தாங்கும் என்று எழுதிய டாலி போதுமா?

போதாது. 195 கிலோ என்று கையேட்டில் இருப்பது பெரும்பாலும் எண்ணெயும் பெட்ரோலும் சேர்ந்த கெர்ப் எடைதான், ஆனால் நீங்கள் பிறகு மாட்டிய கிராஷ் கார்டு, பக்கப் பெட்டிகள், அவற்றுக்குள் கிடக்கும் சாமான்கள் அதில் இல்லை. டேங்க் காலியான "உலர் எடை" என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு முக்கால் கிலோ என்று கூட்டிக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமானது காஸ்டர்களின் கணக்கு. நான்கு காஸ்டர் இருந்தாலும் எடையை மூன்றால் வகுங்கள். எந்தத் தரையும் முழுச் சமமாக இருப்பதில்லை. ஒரு காஸ்டர் சிறு பள்ளத்துக்கு மேல் தொங்கும் நொடியில் மற்ற மூன்றும்தான் சுமக்கின்றன. வண்டி 195, சாமான் 20, டாலியின் சொந்த எடை 15 என்றால் மொத்தம் 230 கிலோ. மூன்றால் வகுத்தால் ஒரு காஸ்டருக்கு 77 கிலோ. ஆகவே ஒவ்வொன்றும் 100 கிலோ தாங்கும் காஸ்டர்களாக இருப்பது நல்லது. 100 சிசி வண்டிகள் 110 கிலோ அளவில்தான் இருக்கும், அவற்றுக்கு இவ்வளவு தேவையில்லை. 350 கிலோவைத் தாண்டும் பெரிய டூரிங் வண்டிகளுக்கு ஆறு அல்லது எட்டு காஸ்டர் வைத்த டாலியைப் பாருங்கள்.

காஸ்டர் சிறியதாக இருந்தால் டாலி தாழ்வாக இருக்கும், ஏற்றுவது சுலபம். பெரிய காஸ்டர் எதற்கு?

ஏற்றுவது சுலபம்தான். நகர்த்தும்போதுதான் வினை. தரையில் 5 மி.மீ. உயரமுள்ள ஒரு கல் கிடக்கிறது என்று வையுங்கள். 50 மி.மீ. விட்டமுள்ள காஸ்டர் அதன் மேல் ஏற வேண்டுமானால், அந்தக் காஸ்டர் சுமக்கும் எடையில் முக்கால் பங்கு விசையை நீங்கள் கிடையாகக் கொடுக்க வேண்டும். 100 மி.மீ. காஸ்டருக்கு அதே கல் பாதிப் பங்குக்கும் சற்றுக் குறைவு. வண்டியின் சொந்த டயருக்கு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. உருட்டும்போது உங்களுக்குத் தெரியாமலே கடந்துபோகும் கல், டாலிக்குச் சுவராக நிற்பது இதனால்தான்.

ஆகவே 75 மி.மீ.க்குக் குறையாமல் வாங்குங்கள். நைலான் சக்கரம் லேசாக உருளும், ஆனால் சத்தம் போடும், பொடிக்கல்லில் தடுக்கும். ரப்பர் அமைதியானது, தரையில் கறுப்புத் தடம் விடும், தள்ளவும் கனமாக இருக்கும். பாலியூரித்தேன் இரண்டுக்கும் நடுவில், வீட்டுக் கராஜுக்குப் பொருத்தமானது. இரும்புச் சக்கரத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை.

டைல்ஸ் போட்ட தரை உடைந்துவிடுமா?

டைலின் அடியில் சிமெண்ட் முழுமையாகப் பிடித்திருந்தால் பொதுவாக உடையாது. அடியில் வெற்றிடம் இருக்கும் டைல்தான் விரிசல் விடும். ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் "டக்" என்றும், வெற்றிடத்தில் "டொப்" என்றும் ஒலி மாறும். வெற்று ஒலி வரும் இடத்தில் 12 மி.மீ. பிளைவுட் பலகையை விரித்து அதன் மேல் டாலியை உருட்டுங்கள்.

எந்தத் தரையானாலும் நகர்த்தும் முன் பெருக்க வேண்டும். இது சுத்தத்துக்காக அல்ல; முந்தைய பதிலில் உள்ள கல்லுக்காக.

தனியாக வண்டியை டாலி மேல் ஏற்றுவது எப்படி?

முதல் பத்து முறையாவது தனியாக ஏற்றாதீர்கள். வலப்பக்கம் ஒருவர் நிற்கட்டும். வண்டியைத் தூக்கிப் பிடிப்பது அவர் வேலையல்ல. வண்டி நிமிர்ந்த நிலையைத் தாண்டி வலப்பக்கம் சாயத் தொடங்கினால் உள்ளங்கையால் மெல்லத் திருப்பித் தள்ளுவது மட்டும்தான். நீளத் தட வகைக்கான முறையைச் சொல்கிறேன். டாலியின் மறுமுனையைச் சுவரில் முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் டயர் ஏறும்போது டாலி நழுவி ஓடும். எல்லாக் காஸ்டர்களையும் பூட்டுங்கள். என்ஜினை நிறுத்தி, சைலன்சர் ஆறிய பிறகு, வண்டியின் இடப்பக்கம் நின்று, வலது இடுப்பை சீட்டில் சாய்த்துக்கொண்டு உருட்டுங்கள். வலது கையின் இரண்டு விரல்கள் எப்போதும் முன் பிரேக் மேல் இருக்கட்டும்.

முன் டயர் சாய்தளத்தில் ஏறியதும் நிறுத்தி மூச்சு விடுங்கள். தடத்துக்குள் டயர் நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பின் டயரை ஏற்றுங்கள். பிறகு பிரேக்கைப் பிடித்தபடி சைடு ஸ்டாண்டை முழுவதுமாக முன்னே தள்ளி, பாதம் தட்டின் நடுவில் விழுகிறதா என்று கண்ணால் பாருங்கள், காலால் தடவி ஊகிக்காதீர்கள். தட்டின் ஓரத்தில் ஊன்றிய ஸ்டாண்டு முதல் குலுக்கலிலேயே நழுவிவிடும்.

வண்டியில் உட்கார்ந்தபடி ஓட்டி ஏற்றலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். தடத்தின் இரு பக்கமும் கால் ஊன்ற இடமில்லை.

நான் 50 கிலோ எடையுள்ள பெண். 200 கிலோ வண்டியை என்னால் டாலியில் தள்ள முடியுமா?

முடியும். நல்ல காஸ்டரும் மழமழப்பான தரையும் இருந்தால் 200 கிலோவை நகர்த்திக்கொண்டிருக்க இரண்டு முதல் நான்கு கிலோ விசையே போதும். கிளப்பும்போது மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். பலம் தேவைப்படுவது ஏற்றும்போதுதான். அங்கேயும் ஒரு நேரத்தில் ஒரு டயர்தான் மேலே ஏறுகிறது, அதன் மேல் ஏறக்குறைய 100 கிலோ. தடத்தின் உயரம் 4 செ.மீ., சாய்தளத்தின் நீளம் 30 செ.மீ. என்றால் தள்ள வேண்டியது 13 கிலோ விசை. சாய்தளத்தை 60 செ.மீ. ஆக நீட்டினால் 7 கிலோவுக்குள் வந்துவிடும். உங்கள் கை பலத்தைக் கூட்டுவதைவிடச் சாய்தளத்தைக் கூட்டுவது சுலபம்.

டாலி மேல் ஏற்றிய பிறகு வண்டி முன்பைவிட நிமிர்ந்து நிற்கிறது. அது நல்லதுதானே?

நல்லதல்ல. உடனே சரிசெய்யுங்கள். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி இடப்பக்கம் சாய்ந்திருப்பதால்தான் நிலையாக நிற்கிறது. ஸ்டாண்டு ஊன்றும் தட்டு, டயர் நிற்கும் தடத்தைவிட உயரமாக இருந்தால் சாய்வு குறையும். ஒரு சிறு உலுக்கலே வண்டியை வலப்பக்கம் சாய்க்கப் போதும். தட்டு மிகத் தாழ்ந்திருந்தால் சாய்வு அதிகமாகி ஸ்டாண்டின் மேல் பாரம் ஏறும்.

தரையில் நிற்கும்போது ஹேண்டில்பாரின் இரு முனைகளும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டாலி மேல் ஏற்றிய பிறகு இரண்டு உயரங்களுக்கும் இடையிலான வித்தியாசம் அதே அளவில் இருக்க வேண்டும். தட்டின் உயரத்தைத் திருகி மாற்றும் வசதி இருந்தால் அதால் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் தட்டோடு போல்ட் போட்டு இறுக்கிய பலகைத் துண்டு. சும்மா வைத்த துண்டு அல்ல.

டாலி மேல் நியூட்ரலில் விட வேண்டுமா, கியரில் விட வேண்டுமா?

சைடு ஸ்டாண்டில் நின்றால் முதல் கியரில். வண்டி இரண்டு விரற்கடை முன்னே உருண்டால்கூட சைடு ஸ்டாண்டு பின்னால் மடங்கத் தொடங்கும். கியரோடு முன் பிரேக் லீவரையும் ஒரு பட்டையால் கைப்பிடியோடு இறுக்கிக் கட்டிவிடுங்கள். தடிமனான ரப்பர் வளையம்கூடப் போதும். நான் கூடுதலாக சைடு ஸ்டாண்டையும் கிராஷ் கார்டின் முன்பக்கத்தோடு ஒரு பட்டையால் கட்டிவிடுவேன். ஸ்டாண்டு பின்னால் மடங்க வழியே இருக்காது.

எங்கே பிடித்துத் தள்ளுவது? ஹேண்டில்பார்தான் கைக்கு எட்டுகிறது.

கைக்கு எட்டுவதுதான் அதன் ஆபத்து. உயரத்தில் தள்ளினால் வண்டி நகர்வதற்குப் பதில் சாயப் பார்க்கும். எவ்வளவு தாழ்வாகத் தள்ளுகிறீர்களோ அவ்வளவு நல்லது. முன்னே பின்னே நகர்த்தும்போது பின்பக்கக் கைப்பிடிக் கம்பியைப் பிடியுங்கள். பக்கவாட்டில் நகர்த்தும்போது சீட்டுக்குக் கீழே உள்ள சட்டத்தைப் பிடியுங்கள். முடிந்தால் டாலியையே காலால் மெல்லத் தள்ளுங்கள். பிளாஸ்டிக் மூடிகளையும் கண்ணாடியையும் இண்டிகேட்டரையும் தொடாதீர்கள். ஒரு கை வழிகாட்டியாக ஹேண்டில்பார் மேல் இருக்கலாம், பாரம் அதன் மேல் போகக் கூடாது.

இடப்பக்கம் தள்ளுவதற்கும் வலப்பக்கம் தள்ளுவதற்கும் வித்தியாசம் உண்டா?

நிறைய உண்டு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். சைடு ஸ்டாண்டு இடப்பக்கம் இருக்கிறது. டாலி இடப்பக்கமாக நகரும்போது காஸ்டர் எதிலாவது தடுக்கி நின்றால், வண்டி வந்த வேகத்தில் இடப்பக்கமே சாயப் பார்க்கும், ஸ்டாண்டு தாங்கிக்கொள்ளும். வலப்பக்கமாக நகரும்போது தடுக்கி நின்றால் வண்டி வலப்பக்கம் சாயும். அங்கே தாங்க எதுவும் இல்லை.

ஒருமுறை நானும் ஒரு நண்பரும் வண்டியை வலப்பக்கச் சுவரோரம் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். தரையில் சிறிய நட்டு ஒன்று கிடந்ததை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. முன் காஸ்டர் அதில் மோதியது. டாலி நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. சைடு ஸ்டாண்டின் பாதம் தட்டை விட்டு ஒரு விரற்கடை மேலே எழும்பி, ஒரு நொடி அந்தரத்தில் நின்றது என் கண்ணெதிரே நடந்தது. வலப்பக்கம் இருந்த நண்பர் சீட்டின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார், பாதம் "டக்" என்று திரும்பவும் தட்டில் ஊன்றியது. அவர் இல்லாமல் நான் மட்டும் இடப்பக்கம் நின்றிருந்தால் என் கை அந்த வண்டியை எட்டிப் பிடித்திருக்காது.

அதனால் வழியை முன்கூட்டியே யோசியுங்கள். வண்டி போய்ச் சேர வேண்டிய இடம் வலப்பக்கம் என்றால், முதலில் டாலியை நின்ற இடத்திலேயே பாதிச் சுற்று திருப்பிவிடுங்கள். இப்போது அதே இடம் வண்டிக்கு இடப்பக்கமாகிவிடும். திருப்ப இடமில்லை என்றால், வலப்பக்கம் ஒருவரை நிறுத்திக்கொண்டு நத்தை வேகத்தில் தள்ளுங்கள்.

முன்னே தள்ளிவிட்டுப் பின்னே இழுக்கும்போது டாலி திடீரென்று பக்கவாட்டில் உதறுகிறது. காஸ்டர் பழுதா?

பழுதல்ல. காஸ்டரின் சக்கரம் தன் சுழலச்சுக்கு நேர் கீழே இல்லாமல் கொஞ்சம் பின்தள்ளி இருக்கும். திசை மாறும்போது நான்கு சக்கரங்களும் அரை வட்டம் அடித்து மறுபுறம் போய்ச் சேர வேண்டும். அப்படிப் போகும்போது டாலியையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகின்றன. நான்கும் ஒரே பக்கம் சுழன்றால் அந்த உதறல் நன்றாகவே தெரியும்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. திசை மாற்றும் முன் குனிந்து காஸ்டர்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பாருங்கள். போக வேண்டிய திசைக்கு நேராக ஒரு அங்குலம் மெல்ல நகர்த்தி, எல்லாம் திரும்பிக்கொண்ட பிறகு தொடர்ந்து தள்ளுங்கள். காஸ்டர் சட்டத்திலோ சைடு ஸ்டாண்டு தட்டிலோ இடித்துக்கொண்டு முழுச் சுற்று சுழலவில்லை என்றால் மட்டும் அது தயாரிப்புக் குறை.

என் கராஜ் தரை வாசலை நோக்கிச் சரிவாக இருக்கிறது. டாலி பயன்படுத்தலாமா?

தண்ணீர் வெளியே ஓடுவதற்காக மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. சரிவு வைத்துக் கட்டுவது வழக்கம்தான். 2 செ.மீ. சரிவில் 200 கிலோ வண்டியைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை 4 கிலோ. சற்று முன் சொன்ன கணக்கைப் பாருங்கள்: நகர்த்தத் தேவையானதும் ஏறக்குறைய அதே அளவுதான். அதாவது நீங்கள் கையை எடுத்தால் டாலி தானாகவே வாசலைப் பார்த்துக் கிளம்பலாம். ஒரு கோலிக்குண்டைத் தரையில் வையுங்கள், அது ஓடும் திசையும் வேகமும் உங்களுக்குத் தேவையானதைச் சொல்லிவிடும்.

லேசான சரிவில் பயன்படுத்தலாம். ஆனால் நீங்கள் எப்போதும் சரிவின் மேல்பக்கம் நில்லுங்கள், வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். நிறுத்தியதும் கீழ்ப்பக்கக் காஸ்டர்களை முதலில் பூட்டுங்கள், கூடவே ஒரு மரக்கட்டை ஆப்பு. வண்டியை அதன் இடப்பக்கம் சரிவின் கீழ்ப்பக்கம் வரும்படி நிறுத்துவது வலப்பக்கம் வருவதைவிடப் பாதுகாப்பானது. காரணம் உங்களுக்கு இப்போது தெரியும். கராஜுக்கு வெளியே உள்ள சாய்தளத்துக்கு டாலியோடு போகவே கூடாது.

பூட்டு எல்லாக் காஸ்டரிலும் வேண்டுமா?

நான்கிலும் இருந்தால் நல்லது, குறைந்தது இரண்டிலாவது வேண்டும். பூட்டில் இரண்டு விதம் உண்டு. ஒன்று சக்கரம் உருளாமல் மட்டும் பிடிக்கும், சுழலச்சு சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் பூட்டிய டாலிகூடக் கொஞ்சம் அசையும். மற்றது இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். வாங்கும்போது பூட்டிவிட்டுக் காஸ்டரைக் கையால் திருகிப் பாருங்கள். இரண்டாவது விதமே வேண்டும்.

டாலி மேல் நிற்கும்போது என்ஜினை ஓட்டலாமா? செயின் சுத்தம், ஆயில் பார்ப்பது?

என்ஜினை ஓட்டாதீர்கள். அதிர்வில் ஸ்டாண்டின் பாதம் தட்டின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறும். தவிர, மூடிய கராஜில் சைலன்சரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை; தலை சுற்றும்போதுதான் தெரியும், அப்போது எழுந்து வெளியே நடக்கத் தெம்பு இல்லாமல் போகலாம். கதவைத் திறந்து வைத்து, வண்டியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.

செயினைச் சுத்தம் செய்யப் பின் சக்கரம் காற்றில் சுற்ற வேண்டும், நீளத் தட டாலியில் அது நடக்காது. சென்டர் ஸ்டாண்டு அல்லது பேடாக் ஸ்டாண்டு வேண்டும். அப்போதும் சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும், கியர் போட்டு என்ஜினால் அல்ல. செயினுக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவில் துணியோடு விரலும் போவது ஒரு நொடி வேலை. ஆயில் அளவை வண்டி சாய்ந்திருக்கும்போது பார்த்தால் தவறாகக் காட்டும். பெரும்பாலான கையேடுகள் நிமிர்த்திப் பார்க்கவே சொல்கின்றன.

மாதக்கணக்கில் டாலி மேலேயே நிறுத்தி வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் டாலி டயரைக் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். தடத்தில் நிற்கும் டயரும் தரையில் நிற்கும் டயரும் ஒன்றுதான். ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் தட்டையாகும். சில வாரங்களுக்கு ஒருமுறை காற்றைச் சரிபார்த்து, டயர் வேறு இடத்தில் ஊன்றும்படி கொஞ்சம் உருட்டிவிடுங்கள். பாலியூரித்தேன் காஸ்டருக்கும் இதே கதிதான். முதல் தள்ளலில் "கடக் கடக்" என்று குதித்தால் அது தட்டையாகியிருக்கிறது.

நீண்ட நாள் நிற்கும் வண்டிக்கு இன்னொரு கவலை குழந்தைகள். டாலி மேல் நிற்கும் வண்டி அவர்கள் கண்ணுக்கு விளையாட்டுப் பொருள். பூட்டுகளோடு, சுவரில் ஒரு கொக்கி அடித்து வண்டியின் சட்டத்தையும் அதையும் பட்டையால் கட்டிவிடுங்கள்.

நானே பிளைவுட்டில் செய்துகொள்ளலாமா?

சென்டர் ஸ்டாண்டு தட்டு என்றால் தாராளமாக. 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டித் திருகி, நான்கு மூலைகளிலும் தட்டுக் காஸ்டர்களை (மேலே துளையிட்ட தகடு உள்ளவை) போல்ட்டால் மாட்டுங்கள். மரத் திருகாணி போதாது, பக்கவாட்டு இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வரும். பலகையை முழுதும் துளைத்துச் செல்லும் போல்ட், மறுபுறம் அகன்ற வாஷர், தளராத நைலாக் நட்டு. ஸ்டாண்டின் கால்கள் நழுவாமல் இருக்கச் சுற்றிலும் 2 செ.மீ. உயர விளிம்பு வையுங்கள். ஸ்டாண்டின் கால் பிளைவுட்டில் பள்ளம் போடும். அங்கே 3 மி.மீ. இரும்புத் தகடு ஒன்றைத் திருகிவிடுங்கள்.

நீளத் தட வகையை மரத்தில் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு இரும்புச் சேனலும், நல்ல வெல்டரும் வேண்டும். ஸ்டாண்டுத் தட்டைத் தாங்கும் கைதான் முறியும் இடம். அதன் நுனிக்குக் கீழேயும் ஒரு காஸ்டர் வரும்படி அமையுங்கள்.

ஸ்கூட்டருக்கும் மின்சார வண்டிக்கும் இதே முறைதானா?

ஏறக்குறைய. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் என்ஜின் பின்னால் இருப்பதால் எடையும் பின்னால் கூடும், அந்தப் பக்கக் காஸ்டர்கள் வலுவாக இருக்கட்டும். இவற்றைக் கியரில் போட்டு நிறுத்த முடியாது. பார்க்கிங் பிரேக் இருந்தால் அது, இல்லாவிட்டால் பிரேக் லீவரைக் கட்டும் பட்டைதான். மின்சார வண்டியை நகர்த்தும் முன் சார்ஜர் வயரைக் கழற்றிவிட்டு, சாவியையும் எடுத்துவிடுங்கள்.

சாயத் தொடங்கினால் பிடித்துக்கொள்ளலாமா, விட்டுவிட வேண்டுமா?

சாய்வு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. 200 கிலோ வண்டியை ஹேண்டில்பாரில் பிடித்து நிறுத்த, 5 டிகிரி சாய்வில் சுமார் 9 கிலோ விசை போதும். 15 டிகிரியில் 26 கிலோ. 30 டிகிரியில் 50 கிலோ. தரையில் என்றால் காலை அகட்டி ஊன்றிக் கொஞ்ச நேரம் சமாளிக்கலாம். டாலி மேல், நீங்கள் மேலே பிடித்து இழுக்க இழுக்க அடியில் டாலி எதிர்ப்பக்கம் நழுவும்.

ஆகவே முதல் சில டிகிரிக்குள் கை போய்விட்டால் நிமிர்த்துங்கள். அதைத் தாண்டிவிட்டால் விலகிவிடுங்கள். டாலிக்கும் வண்டிக்கும் இடையே காலை நீட்டித் தடுக்கப் பார்க்காதீர்கள். உடைந்த லீவரையும் கண்ணாடியையும் மாற்றிவிடலாம்.

வண்டி மேலே இருக்கும்போதே ஒரு காஸ்டர் உடைந்துவிட்டது. இப்போது எப்படி இறக்குவது?

முதலில் எதையும் நகர்த்தாதீர்கள். மற்ற காஸ்டர்களைப் பூட்டுங்கள். வலப்பக்கம் ஒருவரை நிறுத்திவிட்டு, உடைந்த மூலையின் அருகில் டாலியின் சட்டத்துக்கு அடியில் கெட்டியான மரக்கட்டையை, இடைவெளிக்குச் சரியான தடிமனில், நீளமான ஒரு கம்பால் தள்ளிச் செருகுங்கள். விரலை உள்ளே விட வேண்டாம். சட்டத்தை நெம்பித் தூக்கவும் வேண்டாம், இருக்கும் நிலையில் தாங்கல் கொடுத்தால் போதும். சாய்தளத்தை வைத்து, பிரேக் பட்டையைக் கழற்றி, முன் பிரேக்கை நீங்கள் பிடித்துக்கொண்டு நியூட்ரலுக்கு மாற்றுங்கள். பிறகு வண்டியை நிமிர்த்தி, சைடு ஸ்டாண்டை மடக்கி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தபடி ஏற்றிய வழியிலேயே பின்னோக்கி இறக்குங்கள். மூன்றாவதாக ஒருவர் கிடைத்தால் டாலி அசையாமல் காலால் மிதித்துக்கொள்ளட்டும்.

புதிய காஸ்டர் வாங்கப் போகும்போது உடைந்ததையும், நன்றாக இருக்கும் ஒன்றையும் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். உயரம் 3 மி.மீ. வித்தியாசப்பட்டாலும் டாலி ஆடும். ஒத்துப்போகும் ஒன்று கிடைக்காவிட்டால் நான்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.